கடற்கரை ஊருக்கு மவுன்டன் பைக் பாதை: திறப்பு விழா சரி, பத்தாவது ஆண்டில் யார் மண்வெட்டி எடுப்பது?

ஆஸ்திரேலியாவின் தெற்கே இருக்கும் தீவு மாநிலம் டாஸ்மேனியா. அதன் வடகிழக்கு மூலையில் டெர்பி என்று ஒரு சின்ன ஊர். 1874இல் அந்த வட்டாரத்தில் தகரத் தாது கண்டுபிடிக்கப்பட்டது. சுரங்கம் வந்தது, கூடவே கடைத்தெரு வந்தது, கூட்டமும் வந்தது. 1929 ஏப்ரலில் கொட்டிய பெருமழையில் சுரங்கத்தின் அணை உடைந்து 14 பேர் இறந்தார்கள். சுரங்கம் பின்னர் மீண்டும் திறந்தது. ஆனால், பழைய செழிப்பு திரும்பவில்லை. பிள்ளைகள் வேலை தேடி வெளியேற, ஊரில் மிஞ்சியது சில நூறு பேர்தான்.

2015இல் அதே ஊரைச் சுற்றியிருக்கும் காட்டில் 'புளூ டெர்பி' என்ற பெயரில் மவுன்டன் பைக் பாதைகள் திறக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில், 2017இல், எண்டியூரோ வேர்ல்ட் சீரிஸ் எனும் சர்வதேசப் பந்தயத் தொடரின் ஒரு சுற்று அங்கே நடந்தது. மூடிக் கிடந்த வீடுகளுக்கு விளக்கு வந்தது. காபிக் கடை வந்தது. சைக்கிளை வேனில் ஏற்றி மலையுச்சியில் இறக்கிவிடும் தொழிலும் வந்தது.

இந்தக் கதையைக் கேட்கும் எந்தச் சின்ன ஊருக்கும் ஒரே யோசனைதான் வரும்: 'நாமும் ஒண்ணு போட்டா என்ன?' டெர்பிக்குப் பக்கத்தில் கடலோரமாக இருக்கும் செயின்ட் ஹெலன்ஸ் ஊருக்கும் அதே யோசனை வந்தது. 2019 நவம்பரில் அங்கேயும் பாதைகள் திறக்கப்பட்டன.

யோசனை நல்லதுதான். ஆனால், பாதை வெட்டுவதும் பாதையைத் திட்டமிடுவதும் ஒன்றல்ல. இந்த இரண்டு ஊர்களை வைத்து அந்த வித்தியாசத்தைப் பார்ப்போம்.

கடல் இருக்கும்போது மலைப் பாதை எதற்கு?

செயின்ட் ஹெலன்ஸ், டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில் இருக்கும் மீன்பிடி ஊர். நண்டு, சிப்பி, தூண்டில் மீன்பிடி என்று கடலை நம்பியே பிழைப்பு. வடக்கே கொஞ்ச தூரத்தில் 'பே ஆஃப் ஃபயர்ஸ்' கடற்கரை. வெள்ளை மணல், அதன் மேல் ஆரஞ்சு நிறப் பாசி படர்ந்த கருங்கற்பாறைகள். புகைப்படத்துக்கென்றே செய்து வைத்தது போல இருக்கும்.

பிறகு என்ன குறை? கடற்கரைச் சுற்றுலாவுக்கு ஒரு பருவம்தான். தெற்கு அரைக்கோளத்தில் கோடை என்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அந்த மூன்று மாதம் அறை கிடைக்காது. மற்ற மாதங்களில் அறை எடுக்க ஆள் கிடையாது. ஹோட்டலில் வேலை பார்க்கும் இளைஞருக்கு மூன்று மாதச் சம்பளத்தில் வருடம் ஓடாது.

சைக்கிள் ஓட்டுபவருக்குக் கடலில் குளிக்கும் சூடு தேவையில்லை. இலையுதிர் காலத்தின் குளிரும் லேசான ஈரமும் அவருக்குத் தோதானவை. இரண்டு மூன்று நாள் தங்குவார், நன்றாகச் சாப்பிடுவார், டயர் கிழிந்தால் கடைக்கு வருவார். ஊரின் வருமானப் பருவத்தை நீட்டிக்க இது ஒரு வழி. திட்டத்தின் பொருளாதார நியாயம் இவ்வளவுதான். 'உலகமே வரும்' என்பதெல்லாம் விளம்பரத்துக்கு.

நிலைத்த பாதை என்றால் என்ன?

பலரும் நினைப்பது போல மண் பாதைக்கு முதல் எதிரி டயர் இல்லை, தண்ணீர். மழைநீர் பாதையிலேயே ஓட ஆரம்பித்தால் பாதை வாய்க்காலாகிவிடும். வாய்க்காலான இடத்தைத் தவிர்க்க ஓட்டுபவர் ஓரமாகப் போவார். அடுத்தவர் இன்னும் ஓரமாகப் போவார். ஒரு மீட்டர் பாதை இப்படித்தான் ஐந்து மீட்டர் சேறாகிறது. காடு தேய்வதும் இப்படித்தான்.

1988இல் தொடங்கப்பட்ட சர்வதேச மவுன்டன் பைக் சங்கம் இதற்குச் சில எளிய விதிகளைப் பரவலாக்கியது. பொறியியல் படிக்காதவருக்கும் புரியும்.

முதலாவது, பாதி விதி. மலைச்சரிவு எவ்வளவு செங்குத்தோ, பாதையின் சரிவு அதில் பாதியைத் தாண்டக் கூடாது. மலை 16 சதவீதச் சரிவு என்றால் பாதை 8 சதவீதம்வரை போகலாம். தாண்டினால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து போகாது; பாதையோடு சேர்ந்தே கீழே இறங்கும்.

இரண்டாவது, மொத்தப் பாதையின் சராசரிச் சரிவு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது, ஓரிடத்தில் மட்டும் அதிகபட்சம் எவ்வளவு சரிவு தாங்கும் என்பதை அந்த இடத்தின் மண், மழை, பயன்பாடு ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

நான்காவது, இறங்கும் பாதை நடுநடுவே சற்று ஏறி, திரும்ப இறங்க வேண்டும். ஓட்டுபவருக்கு அது குஷியான ஒரு மேடு. தண்ணீருக்கோ பாதையை விட்டு வெளியேறும் வாசல். ஐந்தாவது, பாதையின் தளம் பள்ளத்தின் பக்கமாக 5 சதவீத அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். நம் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர் தேங்காமல் இருக்க 'வாட்டம்' வைக்கிறோமே, அதேதான்.

செயின்ட் ஹெலன்ஸின் 'பே ஆஃப் ஃபயர்ஸ்' பாதையையே எடுத்துக்கொள்ளலாம். புளூ டியர் என்ற மலைமேட்டில், கடல் மட்டத்துக்குச் சுமார் 700 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. 42 கி.மீ. ஓடி, ஸ்விம்கார்ட் கடற்கரையில் முடிகிறது. 700 மீட்டர் இறக்கத்தை 42 கி.மீ.க்குப் பங்கிட்டால் சராசரி 2 சதவீதம்கூட வராது. நடுவில் ஏற்றமும் இருப்பதால் சில இடங்களில் இறக்கம் கூடுதலாக இருக்கும். ஆனாலும், நேராகக் கீழே பாயாமல் மலையைச் சுற்றிச் சுற்றி இறங்க நீளம் தாராளமாக இருக்கிறது. அவசரப்பட்டு நேர்க்கோடு போட்டிருந்தால் தூரமும் குறைந்திருக்கும். பாதையின் ஆயுளும் குறைந்திருக்கும்.

கடலோரம் என்பதால் கூடுதல் கவனம் எங்கே?

மலையில் சரியாக வரும் விதிகள் கடலை நெருங்க நெருங்கப் போதாமல் போகின்றன. அந்த வட்டாரம் கருங்கல் பூமி. கருங்கல் உதிர்ந்து உருவான சரளை மணல் தண்ணீரைச் சீக்கிரம் வடித்துவிடும். ஆனால், மண்துகள்களைப் பிடித்து வைக்கும் களிமண் குறைவு. டயர் அழுத்த அழுத்த உதிரும். மணல்மேட்டுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். அங்கே மணலைக் கட்டிப்பிடித்திருப்பது செடிகளின் வேர் மட்டுமே. செடி போனால் மேடு காற்றோடு போய்விடும்.

அதனால் கடலோரப் பாதைக்கு ஒரு பொது அறிவு விதி உண்டு: கடலைக் காட்டு, கடற்கரை மேல் ஏறாதே. கெட்டியான நிலத்தில் பாதையை முடித்துவிட்டு, மிச்ச தூரத்தை நடந்து போகச் சொல்லலாம். தவிர்க்க முடியாத இடத்தில் மரப்பலகைப் பாலம் போடலாம்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத பயணி. ஃபைட்டோஃப்தோரா சினமோமி என்ற நுண்ணுயிர் செடிகளின் வேரை அழுகச் செய்கிறது. டாஸ்மேனியாவின் தாழ்நிலப் புதர்க்காடுகளில் பல செடியினங்கள் இதற்குப் பலியாகின்றன. இது பரவ ஒட்டிக்கொண்ட சேறு போதும்: செருப்பில், டயரில், பாதை வெட்டும் இயந்திரத்தின் பற்களில். ஒரு காட்டுக்குள் நுழைந்துவிட்டால் அதை முழுதாக ஒழிக்க நடைமுறையில் வழியில்லை. அதனால்தான் பாதையின் தொடக்கத்தில் சைக்கிள் கழுவும் இடம் என்பது வசதி அல்ல, அடிப்படை. நோய் இல்லாத பகுதியிலிருந்து நோயுள்ள பகுதிக்குப் பாதை போகலாம். தலைகீழாகப் போகக் கூடாது. இதை வரைபடம் போடும்போதே முடிவு செய்ய வேண்டும். அப்புறம் அறிவிப்புப் பலகை வைத்துச் சரிசெய்ய முடியாது.

பறவைகளுக்கும் கணக்கு இருக்கிறது. டாஸ்மேனியாவின் ஆப்புவால் கழுகு அழியும் நிலையில் உள்ள இனம். கூட்டில் இருக்கும்போது ஆள் சத்தம் கேட்டால் முட்டையை விட்டுப் போய்விடக்கூடும். இனப்பெருக்கக் காலம் ஏறக்குறைய ஜூலை முதல் ஜனவரி வரை. அந்த மாதங்களில் கூட்டிலிருந்து 500 மீட்டருக்குள்ளும், நேர்பார்வை படும் இடமென்றால் 1 கி.மீ.க்குள்ளும் வேலை செய்யக் கூடாது என்பது அங்கே வனப் பணிகளில் பின்பற்றப்படும் வழிகாட்டல். அதாவது, கட்டுமானக் காலண்டரைத் தீர்மானிப்பது ஒப்பந்ததாரர் மட்டும் அல்ல, கழுகும்தான்.

நெருப்பையும் மறக்கக் கூடாது. 2006 டிசம்பரில் செயின்ட் ஹெலன்ஸுக்குத் தெற்கே ஸ்கமாண்டர் பகுதியில் காட்டுத் தீ வீடுகளை எரித்தது. காட்டுக்குள் 20 கி.மீ. தூரத்தில் இருப்பவரை எந்த வழியாக வெளியே கொண்டுவருவது, பாதையை மூட யாருக்கு அதிகாரம், செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் தகவல் எப்படிப் போகும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத திட்டத்தை வெறும் வரைபடம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இது யாருடைய நிலம்?

1773இல் அந்தக் கரையோரம் கப்பலில் போன டோபியாஸ் ஃபர்னோ, கரை நெடுக நெருப்பு எரிவதைப் பார்த்து 'பே ஆஃப் ஃபயர்ஸ்' என்று பெயர் வைத்தார். அது அங்கே வாழ்ந்த பழங்குடி மக்கள் மூட்டிய நெருப்பு. அவர்கள் மொழியில் அந்த இடத்தின் பெயர் லாரபுனா. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அவர்கள் உண்டு போட்ட சிப்பி ஓடுகள் கரையோரமெங்கும் மேடுகளாகக் கிடக்கின்றன. வழிப்போக்கர் கண்ணுக்கு அது சிப்பிக் குப்பை; அந்த மக்களுக்கு அது முன்னோரின் முற்றம். 1975ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் இவற்றுக்குப் பாதுகாப்பு தருகிறது.

சட்டம் இருந்தால் போதுமா? தீவின் மேற்குக் கரையில், சிப்பி மேடுகளை ஒட்டிப் போகும் சில ஜீப் தடங்களை மாநில அரசு 2014இல் மீண்டும் திறக்க முயன்றது. தடுப்பதற்குப் பழங்குடி அமைப்பு ஃபெடரல் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பாதை முடிவான பிறகு 'கருத்துக் கேட்பது' எவ்வளவு விலை பிடிக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. கோடு போடும் முன்பே, எந்த இடத்தில் கோடே போடக் கூடாது என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும்.

நில உரிமையில் இன்னொரு சிக்கலும் உண்டு. டெர்பி பாதைகள் போகும் காட்டில் ஒரு பகுதி, அரசு நிறுவனம் மரம் வெட்டி விற்கும் உற்பத்திக் காடு. பாதை பிரபலமான பிறகு, அதன் அருகே மரம் வெட்டும் திட்டம் வந்தது. உள்ளூர்க் குழுவினர் எதிர்த்தார்கள். விவகாரம் மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. இரு தரப்புக்கும் அவரவர் நியாயம் உண்டு. மரம் வெட்டும் தொழிலை நம்பியும் அங்கே குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால், பல லட்சம் டாலர் செலவழித்துப் பாதை போடும் முன், இரு பக்கமும் இருக்கும் காடு அடுத்த 20 ஆண்டுகளுக்கு என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்கியிருந்தால் இந்தச் சண்டை இவ்வளவு தூரம் போயிருக்காது. காட்டைப் பார்க்கத்தானே ஆட்கள் வருகிறார்கள்?

யார் ஓட்டுவதற்கு?

பாதைகளைக் கடின அளவுப்படி அடையாளமிடுவது வழக்கம். மிக எளிதுக்கு வெள்ளை வட்டம், எளிதுக்குப் பச்சை வட்டம், நடுத்தரத்துக்கு நீலச் சதுரம், கடினத்துக்குக் கறுப்பு வைரம், மிகக் கடினத்துக்கு இரட்டைக் கறுப்பு வைரம்.

யூடியூப்பில் லைக் வாங்குவது கறுப்பு வைரம். ஊருக்குச் சோறு போடுவது பச்சையும் நீலமும். குழந்தையோடு வரும் குடும்பம், முதல் முறை ஓட்டுபவர், ஐம்பது வயதில் மின்சார சைக்கிள் வாங்கியவர் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள். முக்கியமாக, உள்ளூர்ப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் ஓட்டப் போவதும் அங்கேதான்.

இதைப் புரிந்துகொண்ட ஏற்பாட்டை செயின்ட் ஹெலன்ஸில் பார்க்கலாம். ஊரை ஒட்டிய ஃபிளாக்ஸ்டாஃப் பகுதியில் சுமார் 66 கி.மீ. பாதைகள் வளையம் வளையமாக அமைந்துள்ளன. தொடக்க இடத்துக்குப் பக்கத்தில் சின்ன, எளிய வளையம்; அதைத் தாண்டினால் பெரியது; அதற்கும் அப்பால் கடினமானது. முடியாதவர் பாதியில் திரும்பிவிடலாம். ஒரே வாகன நிறுத்தம், ஒரே கழிப்பறை, ஒரே கழுவுமிடம் எல்லோருக்கும் போதும். செலவு மிச்சம், காட்டுக்குள் நுழையும் வாசல்களும் குறைவு.

பணம்: கட்டுபவர் ஒருவர், காப்பாற்றுபவர் இன்னொருவர்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். டெர்பியின் முதல் கட்டத்துக்கு ஆன செலவு சுமார் 31 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். அதில் 25 லட்சம் மத்திய அரசின் மானியம். நல்ல விஷயம். ஆனால், மானியம் கட்டுவதற்குத்தான் கிடைக்கும், பராமரிக்கக் கிடைக்காது. ரிப்பன் வெட்ட அமைச்சர் வருவார். வடிகால் தூர்வார எந்த அமைச்சரும் வர மாட்டார்.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் கொண்ட குழு ஒரு நாளில் 1 கி.மீ. பாதையைப் பார்த்துச் சீர்செய்கிறது. 66 கி.மீ. வளையங்களும் 42 கி.மீ. நெடும்பாதையும் சேர்ந்து 108 கி.மீ. ஒருமுறை சுற்றி வரவே 108 வேலை நாள். வாரம் ஐந்து நாள் என்றால் ஐந்து மாதம். ஆண்டுக்கு இரண்டு சுற்று வேண்டும் என்றால் இரண்டு பேருக்கு நிரந்தர வேலை. நடுவில் ஒரு புயல் மழை வந்தால் கணக்கு மொத்தமும் மாறும். மரம் விழும், பாலம் அடித்துப் போகும், அதற்கெல்லாம் தனிச் செலவு.

இதை யார் கொடுப்பது? இப்போதைய அமைப்பில் பெரும் சுமை உள்ளாட்சி மன்றத்தின் தலையில் விழுகிறது. அதாவது, வீட்டு வரி கட்டும் உள்ளூர்க்காரர் தலையில். சைக்கிளே ஓட்டாத மீனவப் பாட்டியும் அதில் பங்கு போடுகிறார். லாபம் பார்ப்பவர்களோ விடுதி நடத்துபவர், வேன் ஓட்டுபவர், பந்தயம் நடத்துபவர்.

நுழைவுக் கட்டணம் வைக்கலாமா? திறந்த காட்டுக்குள் பத்து பக்கமும் வழி இருக்கும்போது டிக்கெட் கிழிப்பது கஷ்டம். உள்ளூர்ப் பிள்ளைகளும் அதில் மாட்டிக்கொள்வார்கள். தன்னார்வலர்களை நம்பலாமா? நம்பலாம், ஆனால் ஓரளவுக்குத்தான். ஆர்வம் முதல் மூன்று ஆண்டுகள் பொங்கும், பிறகு அடங்கும். வாகன நிறுத்தக் கட்டணம், வேன் சேவை உரிமத் தொகை, பந்தயக் கட்டணத்தில் ஒரு பங்கு, தங்கும் விடுதிகளின் மீது ஒரு சிறு தீர்வை என இவற்றைச் சேர்த்துப் பராமரிப்புக்கென்றே தனிக் கணக்கு வைப்பதுதான் நியாயம். பலன் பெறுபவர் பங்கு தரட்டும். அந்தப் பணம் பொதுக் கணக்கில் கலந்து காணாமல் போகாமலும் இருக்கட்டும்.

இதோடு வீட்டுப் பிரச்சினையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சும்மா கிடந்த வீடு, பாதை வந்த பிறகு நாள் வாடகை விடுதியாகிவிடும். உரிமையாளருக்கு அது தப்பில்லை. ஆனால், அதே ஊரில் காபி போடும் பெண்ணுக்கும், பாதை சீர்செய்யும் பையனுக்கும் மாத வாடகைக்கு வீடு கிடைக்காமல் போகும். வேலை இருக்கும், வேலைக்காரருக்கு இடம் இருக்காது. ஊரை வாழ வைக்க வந்த பாதை ஊர்க்காரர்களையே வெளியேற்றினால், அப்புறம் அது யாருக்கான திட்டம்? எத்தனை வீடுகள் விடுதியாகலாம் என்ற வரம்பைப் பாதை திறக்கும் முன்பே போட்டுவிட வேண்டும்.

என்ன செய்யலாம்?

எங்கள் கருத்து எளிமையானது. மவுன்டன் பைக் பாதை சின்னக் கடலோர ஊர்களுக்கு நல்ல வாய்ப்புதான். பெரிய ரிசார்ட்டை விட, மலையைக் குடையும் சாலையை விட இயற்கைக்கு இது எவ்வளவோ மேல். ஆனால், திட்ட அறிக்கையை மதிப்பிடும் அளவுகோலை மாற்ற வேண்டும். 'எத்தனை கி.மீ.?' என்பது கடைசிக் கேள்வியாக இருக்கட்டும். அதற்கு முன்னால் ஐந்து கேள்விகள் இருக்கின்றன.

ஒன்று, பெருமழையில் தண்ணீர் எந்த வழியாகப் பாதையை விட்டு வெளியேறும்? இரண்டு, பாதை போகவே கூடாத இடங்கள் எவை, அதை முடிவு செய்தவர்களில் மண்ணின் மூத்த குடிகள் இருந்தார்களா? மூன்று, இரு பக்கமும் இருக்கும் காடு 20 ஆண்டுகளுக்குப் பிறகும் காடாக இருக்க எழுத்துப்பூர்வ உறுதி இருக்கிறதா? நான்கு, உள்ளூர்க் குழந்தை ஒன்று வீட்டிலிருந்து சைக்கிளிலேயே வந்து ஓட்டிவிட்டுப் போக முடியுமா? ஐந்து, பத்தாவது ஆண்டில் மண்வெட்டி எடுப்பவர் யார், அவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து?

ஐந்துக்கும் பதில் இருந்தால் 20 கி.மீ. பாதைகூட ஓர் ஊரைத் தாங்கும். இல்லையென்றால் 100 கி.மீ. போட்டாலும் சில மழைக்காலத்துக்குத்தான் வரும். முதல் கட்டமாக 20 கி.மீ. மட்டும் போட்டு, இரண்டு மழைக்காலம் பார்த்து, தண்ணீர் சொல்லும் பாடத்தைக் கேட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவதில் எந்த அவமானமும் இல்லை. அந்த வட்டாரத்துத் தகரச் சுரங்கங்கள் எடுக்கும் வரை எடுத்துவிட்டு மூடிக்கொண்டன. பாதையும் இன்னொரு சுரங்கமாகிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் திட்டமிடுபவரின் வேலை.